குழந்தையின் பாடத்துக்கு நீ கேட்ட வரலாறு

அன்புள்ள மகளுக்கு,

நான்கு மாதங்களுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: குழந்தையின் வீட்டுப்பாடத்துக்குத் தாத்தா படித்த பள்ளியின் வரலாறு வேண்டுமாம். நான் நலமா என்று நீ கேட்கவில்லை. நானும் எதையும் கேட்கப்போவதில்லை. வேளைக்குச் சாப்பிடு.

வட தாய்லாந்தின் சியாங் மாயில் பிங் ஆற்றின் அருகே, அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் மிஷனைச் சேர்ந்த பாதிரியார் காலின்ஸ் 1887இல் தொடங்கிய ஆண்கள் பள்ளி அது. 1906 ஜனவரி 2 அன்று, பின்னாளில் ஆறாம் ராமராக முடிசூடிய பட்டத்து இளவரசர் வச்சிராவுத் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டி, பிரின்ஸ் ராயல்ஸ் கல்லூரி என்று பெயர் சூட்டினார். புத்த ஆண்டுக் கணக்கில் அது 2448. குழந்தை 543ஐக் கழித்து 1905 என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள். அக்காலத்தில் நமக்கு ஆண்டு ஏப்ரலில்தான் பிறந்தது, அதனால் 1906 ஜனவரியும் 2448இலேயே சேர்ந்தது. அதே பயணத்தில்தான் நகரத்து அரசுப் பள்ளிக்கும் யுப்பராஜ் என்ற பெயர் கிடைத்தது. அந்த வாசலில் நீ சீருடையோடு நின்ற முதல் நாளை இன்றும் பெருமையோடு நினைத்துக்கொள்கிறேன். பெருமைக்கு என்ன குறை, தொலைபேசிக்குத்தான் குறை.

காலின்ஸைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 1892இல் சியாங் மாயில் அச்சகம் நிறுவியவரும் அவரே. அதில் அச்சானது பாங்காக் எழுத்து அல்ல, உன் கொள்ளுத் தாத்தா விகாரையில் ஓலையில் கற்ற நம் வட தாய்லாந்து எழுத்து. மிஷன் பள்ளிகளிலும் தொடக்கத்தில் பாடம் நம் பேச்சிலேயே நடந்தது. பிறகு பாங்காக்கின் ஆட்சி இறுக இறுக, பள்ளிகளில் பாங்காக்கின் சியாமிய மொழியே நிலைத்தது. 1921இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 1940இல் தேசிய மொழியைக் கற்பது குடிமகனின் கடமை என்று அரசு ஆணையிட்டது. நான் படித்த காலத்தில் அந்தப் பழைய எழுத்து எங்களுக்கு வெறும் கோலமாகத்தான் தெரிந்தது. பெட்டியிலிருக்கும் ஓலைகளில் ஒரு வரிகூட எனக்கு வாசிக்க வராது.

இதையெல்லாம் அரசின் மீது போட்டுவிடலாம். ஆனால் வீட்டில் நீ நம் பேச்சுப் பேசினால், சொல்லுக்கு ஒரு பாட் என்று உன் உண்டியலிலிருந்து எடுத்தது எந்த அரசும் அல்ல, நான்தான். பாங்காக்கில் உன்னை யாரும் நாட்டுப்புறத்தாள் என்று சிரித்துவிடக் கூடாது என்பது ஒன்றே என் எண்ணமாக இருந்தது. உன் அம்மா இரவில் அந்தக் காசைத் திரும்பப் போட்டது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுநாள் மீண்டும் எடுத்தேன். இன்று நீ என்னிடம் பிசிறில்லாத பாங்காக் மொழியில், அளந்து பேசுகிறாய். குழந்தை தாத்தாவான என்னை நம் பேச்சில் 'போ உய்' என்று அழைப்பதில்லை, பாங்காக் மொழியில் 'தா' என்கிறாள். சென்ற முறை சோற்றை ஊட்டிவிட்டு, ருசி என்பதற்கு நம் பேச்சில் உள்ள சொல்லால் 'லம்' என்றேன். அவள் புரியாமல் உன் முகத்தைப் பார்த்தாள், நீ மொழிபெயர்த்தாய்.

பாடத்துக்கு 1887, 1892, 1906 ஆகிய மூன்று ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள். மற்றவை உனக்கு எழுதியவை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா