நியாசாலாந்துப் பக்கங்களை யாரும் புரட்டவில்லை: யாழ்ப்பாணத்து வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இணைப்பாளர்களுக்கும் வாசக நண்பர்களுக்கும்,

வணக்கம். கடந்த மாதம் நம் நகரில் நடந்த ஒரு நூல் அறிமுகக் கூட்டத்தில், நாத்திகத்துக்காகவும் பெயர்பெற்ற உயிரியலாளர் றிச்சர்ட் டோக்கின்ஸ் 2013இல் வெளியிட்ட இளமைக்கால நினைவுநூலாகிய ‘அன் அப்பிடைட் ஃபோர் வொண்டர்’ பற்றி ஒன்றரை மணிநேரம் பேசப்பட்டது. பேசிய நால்வரும் கடவுள் உண்டா இல்லையா என்றே வாதிட்டனர். பக்கத்துக் கதிரையில் இருந்த இளைஞரிடம் நூலை வாசித்தீரா என்று மெதுவாகக் கேட்டேன். “மதிப்புரை வாசிச்சனான் சேர்” என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். மேடையில் இருந்தவர்களின் நிலையும் அதுவாகவே எனக்குத் தோன்றியது. முப்பது ஆண்டுகள் உயிரியல் படிப்பித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அந்த நூலுக்குக் கிடைத்த வரவேற்பே ஒரு கோணலான கதை. வெளிவந்த வேளையில், பள்ளிப் பருவத்தில் ஆசிரியர் ஒருவரால் தனக்கு நேர்ந்த அத்துமீறலைச் சிறிதாக்கிப் பேசிய அவருடைய நேர்காணல் பெரும் சர்ச்சையாகி, நூலையே மறைத்துவிட்டது. அந்தக் கண்டனம் நியாயமானது என்பதே என் எண்ணமும். 2014இல் ‘நியூ ரிபப்ளிக்’ இதழில் மெய்யியலாளர் ஜோன் கிரே, டோக்கின்ஸின் மனம் மூடிய மனம் என்ற பொருளில் தலைப்பிட்டு நீண்ட கட்டுரை எழுதினார். கூர்மையான கட்டுரைதான். ஆனால் நம் மேடையில் அது நூலைப் பற்றிய ஒரு கருத்தாக அல்லாமல், நூலின் இடத்திலேயே வந்து அமர்ந்துகொண்டது.

டோக்கின்ஸ் 1941இல் நைரோபியில் பிறந்தவர். தந்தையார் நியாசாலாந்தில், அதாவது இன்றைய மலாவியில், குடியேற்ற அரசின் விவசாய அதிகாரி. எட்டு வயதில் இங்கிலாந்துக்குப் போகும்வரை அந்தப் பிள்ளை வளர்ந்தது பணியாளர்கள் சூழ்ந்த ஒரு வெள்ளையர் வீட்டில். இந்த அத்தியாயங்களை வாசிக்க யாழ்ப்பாணத்தவரைவிடப் பொருத்தமானவர் யார் என்று எனக்கு விளங்கவில்லை. என் அப்பப்பா மலாயாவில் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து ‘மலாயன் பென்சனியர்’ ஆகத் திரும்பியவர். அவருடைய சாய்மனைக் கதிரைக்கு மேலே மாட்டியிருந்த படத்தில், வெள்ளைக் கோட்டுடன் அவர் அமர்ந்திருக்க, ஓரத்தில் தோட்டத் தொழிலாளி ஒருவர் தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி நிற்பார். அவர் யார் என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. பேரரசின் நிழலில் வளர்ந்ததை டோக்கின்ஸ் போதிய அளவு கேள்விக்குட்படுத்தவில்லை என்று குற்றம் சொல்லும்போது, என் சுட்டுவிரல் அந்தப் படத்தின் பக்கமும் திரும்பத்தானே வேண்டும்?

நூலில் என்னைப் பிடித்து நிறுத்திய பகுதி வேறொன்று. விடுதிப் பள்ளியில் ஒரு மாணவனைச் சக மாணவர் இடைவிடாது வதைத்ததை நினைவுகூரும் டோக்கின்ஸ், அவனுக்காகத் தான் இரக்கப்பட்டதாக நினைவில்லை என்றும், அது எப்படிச் சாத்தியமாயிற்று என்றும் தன்னையே கேட்கிறார். மறைத்திருந்தால் எவருக்கும் தெரிந்திராது. நம் ஊரில் ஒருவரின் வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் அவர் இறந்தபின் அந்தியேட்டிச் சடங்கு நாளில் கையில் தரப்படும் ‘கல்வெட்டு’ என்ற நினைவு நூலாகவே அச்சேறுகிறது. அதில் எவரும் பிழை செய்வதில்லை. அந்த வகை எழுத்துக்கே பழகிய நாம், தன் பிழையைத் தானே எழுதுபவரைக் கண்டால் அதைக் கொண்டே அவரைத் தூக்கிலிடப் பார்க்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1976இல் வெளிவந்து அவருக்குப் புகழ் தேடித்தந்த ‘த செல்ஃபிஷ் ஜீன்’ நூலை அவர் எழுதத் தொடங்கியது, பிரித்தானியாவில் மின்வெட்டு ஏற்பட்டு ஆய்வைத் தொடர முடியாமற்போன நாட்களில். போரால் இங்கே மின்சாரம் இல்லாதிருந்த தொண்ணூறுகளில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் உயர்தர உயிரியல் படித்தவர்கள் அன்றைய மண்டபத்தில் குறைந்தது பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். அவர்களைப் பேசவிட்டிருந்தால் கூட்டம் வேறு திசையில் போயிருக்கும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அடுத்த போயா தினக் கூட்டத்தில் இந்நூலை மீண்டும் எடுங்கள். மதிப்புரைகளைக் கடைசி அரை மணிநேரத்துக்கு ஒதுக்கி, அதற்கு முன் ஆபிரிக்க அத்தியாயங்களில் இரண்டைத் தமிழில் வாய்மொழியாகச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். எவரும் முன்வராவிட்டால் நானே சொல்கிறேன். என்னிடமுள்ள பிரதியையும் தருகிறேன். ஓரங்களில் பென்சிலால் நான் எழுதிய சண்டைகளைப் பொருட்படுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
இளைப்பாறிய உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.