பட்டுத் துணியில் சுற்றிய தகடு

அன்புள்ள மகளுக்கு,

உன் குரலைக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. நீ தந்திர நெறியில் தீட்சை வாங்கியிருப்பதாகச் சித்திதான் சொன்னாள். என்னிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று நான் பேசிய பேச்சுக்குப் பிறகு உனக்கு எப்படி மனம் வரும்?

மூச்சை உள்ளே நிறுத்தும் பயிற்சி எதையும் தனியாகச் செய்து பார்க்காதே. முதலில் அது.

தந்திரம் என்றால் நம் பேச்சில் சூழ்ச்சி. அந்த ஒரு பொருளை வைத்துக்கொண்டே இத்தனை காலம் அதை ஒதுக்கிவந்தேன். வடமொழியில் அது தறியையும் பாவு நூலையும் குறிக்கும் சொல்லாம்; விரித்தல் என்பது வேர். திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் தந்திரம் என்றே பெயர். நம் அலமாரியிலேயே இருந்த புத்தகம், நான் பிரித்ததில்லை. உடம்பை இழுக்கென்று நினைத்திருந்தவர், அதற்குள் இறைவன் கோயில்கொண்டதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கினேன் என்கிறார் திருமூலர். இந்த நெறியின் உயிர் அதுதான் என்று எனக்குப் படுகிறது. உடம்பை வெறுத்துக் கடக்கச் சொல்லவில்லை. உடம்பும் மூச்சும் ஒலியுமே வழி என்கிறது. தேவியை வழிபடும் கோட்டு வடிவமான ஸ்ரீசக்கரத்தில் மேல்நோக்கிய முக்கோணங்கள் நான்கும் சிவம், கீழ்நோக்கிய ஐந்தும் சக்தி. அவை பின்னிக்கொண்டுதான் 43 சிறு முக்கோணங்கள் பிறக்கின்றன. ஒன்றை உருவினாலும் மற்றவை நிற்காது.

இவ்வளவு ஆழமான ஒன்றை நீயாகத் தேடிப் போனதில் எனக்குப் பெருமைதான். ஆனால் உடம்புக்குள் உறங்குவதாகச் சொல்லப்படும் குண்டலினி சக்தியை இரண்டே நாளில் எழுப்பித் தருவதாகச் சொல்கிறவர்களும், காமத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். மந்திரத்தை வெளியே சொல்லாதே என்பது மரபு. எங்கே தங்குகிறாய், யாருடன் இருக்கிறாய் என்பதை வீட்டுக்குச் சொல்லாதே என்று ஒரு குரு சொன்னால், அன்றே கிளம்பிவிடு. கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறாரா என்று கவனி. மூச்சு விஷயத்தில் அவசரப்படாதே, அம்மா.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி? கடைசி மாதத்தில் உன் அம்மா ஸ்ரீசக்கரம் பொறித்த அந்தத் தகட்டைக் கேட்டாள். குளிக்காமல் தொடக் கூடாதென்று பூட்டிவைத்தவன் நான். ஏன் என்று கேட்ட உன்னையும் அதட்டினேன். இந்த உடம்பே ஸ்ரீசக்கரம் என்கிறது பாவனோபநிடதம் என்ற நூல். பூவும் நீரும் இல்லாமல் உள்ளுக்குள்ளேயே செய்யும் பூசை அது. போன மாதம்தான் படித்தேன்.

படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. அந்தக் கடைசி மாதத்தில் படுக்கையில் உன் அம்மாவின் விரல்கள் மார்பைத் தொடும், பிறகு தலை, பிறகு உச்சி. அடுத்துக் கைகள் குறுக்கே தோள்களை நோக்கிப் போகும். ஊசி போட்ட இடம் உறுத்துகிறது என்று நினைத்து, கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைப்பேன். அவள் மறுபடி மார்பிலிருந்து தொடங்குவாள். நான் மறுபடி பிடிப்பேன். அது நியாசம். ஒவ்வோர் அங்கத்திலும் மந்திரத்தால் தெய்வத்தை இருத்துவது. ஒரு முறைகூட நான் அவளை முடிக்க விடவில்லை.

அவள் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்ப்பாள். உனக்கு அந்தப் பார்வை தெரியும்.

தகடு அதே பட்டுத் துணியில் இருக்கிறது. அது உனக்குத்தான். சாவியை அலமாரியிலேயே விட்டிருக்கிறேன். எங்கே இருக்கிறாய் என்று மட்டும் போனில் சொல்.

அப்பா