வாசகர் வட்டம்: ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க இலக்கியத்தில் இனவெறியை இந்த ஆண்டின் பொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்று சென்ற பொதுக்குழுவில் பேச்சு வந்தபோது, வேண்டாம் என்றவர்களில் நானும் ஒருவன். ஆங்கிலத்தில் தடித்தடி நாவல்களை யார் படிப்பது என்பதுதான் என் கவலை. பன்னிரண்டு கூட்டம் என்று திட்டம், நடந்தவை ஒன்பது.

அதிகக் கூட்டம் ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) நாவலுக்கு. 38 பேர். பாதிப் பேர் படத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பொய்ப்பழி சுமக்கும் கறுப்பர் டாம் ராபின்சன் நீதிமன்றத்துக்கு வெளியே எத்தனை வரி பேசுகிறார் என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார். புரட்டிப் பார்த்தோம். சொற்பம்தான். அதன் பிறகு, அவருக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞரைப் பற்றிய புராணம் கொஞ்சம் அடங்கியது.

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்துக்கு இரண்டு கூட்டம் போதவில்லை. 1959 மார்ச்சில் அரங்கேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் நியூயார்க்கின் பிராட்வே மேடை ஏறியது அதுவே முதல் முறை. சிகாகோவில் இடுக்கமான வீட்டில் ஐந்து பேர். செத்துப்போன அப்பாவின் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர் வருகிறது. அம்மா அதில் ஒரு பகுதியை எடுத்து, வெள்ளையர்கள் மட்டும் வாழும் பகுதியில் வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடுகிறாள். அப்புறம் லிண்ட்னர் வருகிறார். கத்தவில்லை, கல்லெறியவில்லை. அந்தப் பகுதிச் சங்கத்தின் பிரதிநிதி. நீங்கள் வராமலிருந்தால் கூடுதல் விலைக்கு வீட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று பணிவாகச் சொல்கிறார். அதைப் படித்துக்காட்டியவன் நான்தான். சங்கக் கடிதங்களில் நான் எழுதும் அதே குழைவு அவர் பேச்சிலும் இருந்ததால் நடுவில் குரல் தடுமாறியதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இது ஹான்ஸ்பெரியின் சொந்தக் கதையும்தான். 1937இல் அவருடைய அப்பா அப்படி ஒரு வீடு வாங்கினார். வெளியே கும்பல், உள்ளே அம்மா இரவெல்லாம் துப்பாக்கியோடு காவல். கறுப்பர்களுக்கு விற்கமாட்டோம் என்று வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தங்களைப் பற்றி, பத்திரப்பதிவுத் துறையில் ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒரு மணி நேரம் விளக்கினார். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைக் காட்டி அப்பா மேல் போடப்பட்ட வழக்கு 1940இல் உச்ச நீதிமன்றம் வரை போய் அப்பாவுக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் ஒரு நடைமுறைக் காரணத்தால்தான். இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948இல் வேறொரு வழக்கில்தான் வந்தது.

கடிதங்கள் மீது எனக்குச் சந்தேகம் தொற்றிக்கொண்டது இங்கிருந்துதான். ரால்ஃப் எலிசனின் 'இன்விசிபிள் மேன்' (1952) நாவலில் கல்லூரித் தலைவர் பிளெட்சோ, தான் வெளியேற்றும் மாணவன் கையில் ஏழு சிபாரிசுக் கடிதங்களை ஒட்டிக் கொடுக்கிறார். அவன் நியூயார்க்கில் படி ஏறி இறங்குகிறான். இவனைச் சேர்க்காதீர்கள் என்பதுதான் உள்ளே இருந்த செய்தி. கடிதங்களை எழுதியவரும் அந்த மாணவனைப் போலவே கறுப்பர். அன்றைய வாக்குவாதம் டீக்கடை வரை தொடர்ந்தது.

ஜான் ஒகாடாவின் 'நோ-நோ பாய்' (1957) நாவலுக்கு ஆறே பேர் வந்தோம். போர்க்காலத்தில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்துவிட்டு, உனக்கு எங்கள் மேல் விசுவாசம் உண்டா என்று படிவம் நீட்டியது அமெரிக்க அரசு. ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போன இளைஞன் சியாட்டிலுக்குத் திரும்புகிறான். கதை அங்கே தொடங்குகிறது. ஒகாடா 1971இல் இறந்தபோது அந்த நாவலைச் சீந்துவாரில்லை. 1976இல் மறுபதிப்பு வந்த பிறகே பேசப்பட்டது. வராதவர்களுக்கு நட்டம்.

டோனி மாரிசனின் 'தி புளூயஸ்ட் ஐ' (1970) கூட்டம் மழையால் நின்றது. சரி, மழை ஒரு சாக்கு, பலர் முடித்திருக்கவில்லை. நீலக் கண் வேண்டும் என்று ஏங்கும் பெக்கோலாவின் கதை சின்னப் புத்தகம்தான், ஆனால் தொடர்ந்து படிக்க முடியவில்லை என்றார்கள். எனக்கும் அப்படித்தான். ஜூனில் மீண்டும் வைக்கிறோம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மாரிசன் புத்தகத்தின் இரண்டு பிரதிகள் இன்னும் திரும்பவில்லை. நினைவூட்டல் கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். லிண்ட்னர் ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன். எடுத்துப்போனவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள், தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்