கோமதிக்கு, சுடிதாரோடு கொடுத்துவிடும் கடிதம்

அன்புள்ள கோமதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். பொங்கலுக்கு வந்தபோது நீ கொடுத்துவிட்டுப் போன மூன்று சுடிதாரையும் பிடித்துத் தைத்துவிட்டேன். உள்ளே துணியை வெட்டவில்லை, மடித்துத்தான் ஓட்டியிருக்கிறேன், பிரித்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். பச்சை டாப்ஸுக்குக் கையை இன்னும் கால் இஞ்ச் பிடிக்கலாமா என்று போட்டுப் பார்த்துச் சொல். சித்தி மகன் ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் வருகிறான், அவன் கையில் எல்லாம் வரும். ஆச்சி கோயில் புற்றுமண் முடிந்து கொடுத்திருக்கிறாள், நெற்றியில் பூசிக்கொள். தம்பி அரைப் பரீட்சையில் கணக்கில் 71. கடையில் தை முகூர்த்த ஜாக்கெட் வேலை குவிந்து கிடக்கிறது. உன் அம்மாதான் உட்கார்ந்து ஹூக் வைக்கிறாள்.

போனில் கேட்டால் ‘சாப்பிட்டேன்ப்பா’ என்கிறாய். என்ன சாப்பிட்டாய் என்றால் ‘மெஸ்ல போட்டதுதான்’. அதற்கு மேல் கேட்டால் ‘கிளாஸ் இருக்குப்பா’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும்.

அளவு நோட்டில் உனக்குத் தனிப் பக்கம் இருக்கிறது, தெரியும்தானே? ஆறாம் வகுப்பு யூனிஃபார்மிலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். ஜூனில் காலேஜுக்கு என்று ஆறு டாப்ஸ் தைத்தேனே, அப்போது இடுப்பு 33. இப்போது நீயே ஊசிநூலால் பிடித்துக் கொடுத்த அளவுக்கு டேப் வைத்தால் 27. டேப் தேய்ந்திருக்கும் என்று புது டேப் எடுத்து அளந்தேன். அதே 27தான். ஏழு மாதத்தில் ஆறு இஞ்ச். 28 வருஷமாகத் தைக்கிறேன், கோமதி. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு குறைந்து வந்தவர்கள் என் நோட்டில் நாலு பேர்கூட இல்லை. அவர்கள் எல்லாருமே நோயில் கிடந்து எழுந்தவர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மெரூன் டாப்ஸ் பையில் நாலாய் மடித்து ஒரு சீட்டு இருந்தது. தையல் பிரிக்கும் முன்னால் பையைத் துழாவுவது என் வழக்கம். நாலாம் வகுப்பில் நீ கேட்டதிலிருந்து உன் துணி எல்லாவற்றுக்கும் வலப்பக்கம் பை வைக்கிறேன், அந்தப் பையில்தான் இருந்தது. பிரித்துப் படித்தது தப்புதான். ‘திங்கள்: காலை இல்லை. மதியம் வெள்ளரிக்காய், மோர் ஒரு டம்ளர். இரவு ஆப்பிள் பாதி.’ அப்படியே வெள்ளி வரைக்கும். ஒவ்வொரு நாளுக்கும் கீழே கூட்டல். வியாழக்கிழமைக்கு எதிரே 640 என்று போட்டு, பக்கத்தில் ‘அதிகம்’ என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாய்.

அந்த எண் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. நம் கடைக்கு ஜாக்கெட் கொடுக்க வருவாரே டாக்டரம்மா, அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உன் பேரைச் சொல்லவில்லை, ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. கலோரி என்றார். 16லிருந்து 18 வயதுப் பெண்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2500 வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறதாம். நீ அதில் கால்பங்கைத் தின்றுவிட்டு அதிகம் என்று கோடு போட்டிருக்கிறாய். ராத்திரி மட்டுமாவது சாப்பிடாமல் படுக்காதே பாப்பா. இட்லி இரண்டு என்றாலும் போதும், வெறும் வயிற்றோடு படுக்காதே.

நீ குறைக்க நினைத்ததே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. காலேஜில் சேர எடுத்த மெடிக்கல் சர்ட்டிபிகேட்டில் உயரம் 158, எடை 63 என்று இருக்கிறது. அதையும் காட்டினேன். கொஞ்சம் கூடுதல்தான் என்றுதான் டாக்டரம்மாவும் சொன்னார். ஆனால் அதற்கு வழி வேறயாம். மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், கலர், பேக்கரி பலகாரம், சீனி போட்ட காபி இதையெல்லாம் குறைக்க வேண்டும், தினம் ஒரு மணி நேரம் நடையோ விளையாட்டோ வேண்டும், ராத்திரி செல்போனை வைத்துவிட்டுத் தூங்க வேண்டும். இப்படிச் செய்தால் மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் உடம்பு கெடாது. எதைக் குறைப்பது என்றாலும் இந்த வயதில் டாக்டர் பார்த்துக் குறைக்க வேண்டும், செல்போனைப் பார்த்துக் குறைக்கக் கூடாது என்றார்.

இப்போது 47 என்று நீ அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னாயாம். அந்த உயரத்துக்கு 47 சரியான எடைதானே என்று நானும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. ‘எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க அண்ணாச்சி, எவ்வளவு வேகமா இறங்கியிருக்குன்னு பாருங்க’ என்றார். பட்டினி நீண்டால் உடம்பு சிக்கனம் பிடிக்க ஆரம்பிக்குமாம். நாடித்துடிப்பு குறையும், எந்நேரமும் குளிரும், எழுந்தால் தலை சுற்றும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். தை மாதம் என்றாலும் நம் ஊரில் பகல் வெயிலுக்கு யார் ஸ்வெட்டர் போடுகிறார்கள்? நீ போட்டிருந்தாய். குளியலறைக் குழிவாயில் அடைத்த முடியை அம்மா குச்சியால் எடுத்ததைப் பார்த்தேன்.

அடுத்ததை அப்பா எழுதக்கூடாதுதான். ஆனால் உன் அம்மா நாலு தடவை பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிட்டாள். மாதாமாதம் வர வேண்டியது உனக்கு அக்டோபரிலிருந்து வரவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். படிப்பு டென்ஷன் என்று நீயே ஒரு காரணமும் சொல்லிவிட்டாய். மூன்று மாதம் நின்றால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும், கோமதி. சோறு போதவில்லை என்றால் உடம்பு முதலில் நிறுத்தி வைப்பவற்றில் அதுவும் ஒன்றாம். அது நின்றால் எலும்புக்குப் போக வேண்டிய பலமும் நிற்கும். ஆயுசுக்கும் வேண்டிய எலும்புப் பலத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பத்தில் ஒன்பது பங்கு 18 வயதுக்குள் சேர்ந்துவிடுமாம். உனக்கு மார்ச் வந்தால் 18. ரத்தமும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 15லிருந்து 19 வயதுப் பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்று அரசாங்கம் 2019-21இல் எடுத்த குடும்பநலக் கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைகளையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

பொங்கலன்று நீதான் எல்லாருக்கும் பரிமாறினாய். சர்க்கரைப் பொங்கலுக்கு முந்திரி வறுத்ததும் நீ, ஆச்சிக்கு நெய் ஊற்றியதும் நீ. கடைசியில் உட்கார்ந்தாய். நீ எழுந்து போனதும் மடித்த இலையை நான்தான் தூக்கினேன். கனத்தது. ஒரு வாய்கூட இறங்கவில்லை, எல்லாவற்றையும் உள்ளே வைத்து அழகாக மடித்திருந்தாய். மாட்டுத் தொட்டியில் போட்டுவிட்டு அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் நீ போர்வைக்குள் செல்போனில் யாரோ பரோட்டா வீசுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

இதைச் சொன்னதும் டாக்டரம்மா ஒரு விஷயம் சொன்னார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1944, 45இல், அமெரிக்காவில் மின்னசோட்டா என்ற இடத்தில் நல்ல ஆரோக்கியமான வாலிபர்கள் 36 பேருக்கு ஆறு மாதம் பாதிச் சாப்பாடு போட்டுப் பார்த்தார்களாம். போரில் பட்டினி கிடந்த ஜனங்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்க. ஒரு நாளைக்கு சுமார் 1570 கலோரி, உன் சீட்டில் உள்ளதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதற்கே அவர்களுக்குக் குளிர் தாங்கவில்லை, சிடுசிடுவென்று ஆனார்கள், யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. வேறு நினைப்பே இல்லாமல் சமையல் புத்தகம் படித்தார்களாம், சேர்த்து வைத்தார்களாம். கேட்டதும் எனக்கு உன் பரோட்டா வீடியோ ஞாபகம் வந்து நெஞ்சு அடைத்துவிட்டது. நீ எங்களோடு பேசாமல் இருப்பது திமிர் என்று நினைத்தேன் பாப்பா. பசி என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பிள்ளை நீ. பிளஸ் டூவில் 541 வாங்கிய அன்று கடையில் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு படித்த பிள்ளை இதை மட்டும் ஏன் மறைக்கிறாய்? யாரிடம் மறைக்கிறாய்? பெற்றவர்களிடமா?

சரி, கோபப்பட எனக்கு உரிமை இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

பிள்ளையின் எடையைப் பற்றி வீட்டில் பேசாதீர்கள், கேலி செய்யாதீர்கள், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016இல் பெற்றோர்களுக்காகச் சொல்லியிருக்கிறதாம். ஆஸ்திரேலியாவில் 14, 15 வயதுப் பெண்பிள்ளைகளை மூன்று வருஷம் பார்த்ததில், சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்தவர்களுக்கு, குறைக்காதவர்களைவிடச் சாப்பாட்டுச் சிக்கல் நோய் வர 18 மடங்கு வாய்ப்பு இருந்ததாம். பேச்சில் ஆரம்பிப்பது அங்கே போய் நிற்கும் என்றார் டாக்டரம்மா. ‘வீட்ல யாராவது ஏதாவது சொன்னீங்களா?’ என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய் சொன்னேன்.

செங்கோட்டை அத்தை மகள் கல்யாணத்துக்கு உனக்குப் பாவாடை தாவணி தைத்தேனே, அன்றைக்குக் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். நீ திரைக்குப் பின்னால் நின்றாய். நான் மேஜையில் துணியை விரித்துக்கொண்டு, ‘இவளுக்கு அளவுத்துணி பத்தாது, அரை மீட்டர் சேர்த்து வெட்டுடா, டிரம் மாதிரி ஆயிட்டா’ என்று பையனிடம் சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரைக்குக் கீழே உன் கால் தெரிந்தது. பெருவிரலை மடக்கித் தரையில் ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றாய். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் நீ கடைக்கே வரவில்லை, பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் ஆச்சி ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று தினம் கொள்ளு ரசம் வைத்தபோதும் தடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு தீபாவளிக்குச் செய்தேன். மெலிந்து வந்து நின்ற உன்னைப் பார்த்து ‘இப்பத்தான் லட்சணமா இருக்கே’ என்றேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். அப்போதே உனக்கு மாதம் நின்றிருக்கிறது. பட்டினி கிடந்த பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்திப் பாராட்டியிருக்கிறேன். மன்னித்துவிடு பாப்பா. நீ 63இல் இருந்தபோதும் லட்சணமாகத்தான் இருந்தாய். அதை அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. காலையில் ஒரு டம்ளர் பாலாவது குடி. ஒரே நாளில் நிறையச் சாப்பிட வேண்டும் என்று இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. சாப்பிட்டதற்காக வாந்தி எடுக்கவோ மாத்திரை போடவோ செய்யாதே, அப்படி ஏதாவது செய்கிறாய் என்றால் அம்மாவிடம் சொல், யாரும் திட்ட மாட்டோம். தலை சுற்றி விழுந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ எங்களுக்காகக் காத்திருக்காதே, உடனே வார்டனிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போ. எங்களிடம் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் 14416 என்று அரசாங்க எண் ஒன்று இருக்கிறது, மனக்கஷ்டத்துக்கு எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை மெரூன் டாப்ஸ் பையில் வைத்திருக்கிறேன். உன் சீட்டை நான் வைத்துக்கொண்டேன், அது உனக்கு வேண்டாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி நானும் அம்மாவும் பஸ் ஏறுகிறோம். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அங்கே ஒரு பெண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி வைத்திருக்கிறது. உள்ளே அம்மா மட்டும் வருவாள், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். வர வேண்டாம் என்று போன் பண்ணாதே, டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அம்மா புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு வருவாள். எங்காவது மரத்தடியில் உட்கார்ந்து மூன்று பேரும் சாப்பிடுவோம். உன் இலையை நான் பார்க்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா
சங்கரன்கோவில்