ஆண்டறிக்கை 2024: கொழும்புத் துறைமுகமும் நம் வீட்டுக் குசினியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த அங்கத்தவர்களே, தோட்டங்களிலிருந்தும் டவுனிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, வணக்கம். ஹட்டனில் இயங்கிவரும் நமது வாசிகசாலைச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுச் செயலறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன்.

நிர்வாகக் குழு ஒன்பது தடவை கூடியது. மூன்று தடவை கோரத்துக்கு வேண்டிய ஆட்கள் இல்லாமல் கலைந்தது. தைப்பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. சாதாரண தர மாணவர்களுக்கான இலவச வகுப்புகள் நடந்தன. ஆசிரியர் கிடைக்காததால் கணித வகுப்பு மட்டும் பாதியில் நின்றது. கூரை ஒழுகிய இரண்டு இடங்களை அடைத்தோம். மூத்த அங்கத்தவர்கள் இருவரை இந்த ஆண்டில் இழந்தோம். அவர்களின் குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள்.

இனி, இவ்வாண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன். கொழும்புத் துறைமுக நகரத்தின் சாப்பாட்டு வரலாறு பற்றி நாம் நடத்திய தொடர் அமர்வுகளைப் பற்றி நிறையப் பேச்சு அடிபட்டிருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இது எப்படித் தொடங்கியது என்றால், பெப்ரவரி மாதம் மாலை வகுப்பில் பிள்ளைகளிடம் 'எங்கள் வீட்டுச் சாப்பாடு' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "கோதுமை மா ரொட்டிதான் எங்கள் பரம்பரைச் சாப்பாடு" என்று எழுதியிருந்தது. சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தேன், ஆனால் திருத்த முடியவில்லை. திருத்தி என்ன எழுதுவது? முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தும் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் முழுமையான பதில் இல்லை. அன்றிரவுதான் இந்தத் தொடரை நடத்த வேண்டும் என்று முடிவு செய்தேன்.

குழுவில் முதலில் எழுந்த கேள்வி, "கொழும்புக்காரர் சாப்பாட்டைப் பற்றி நமக்கு என்ன?" என்பது. நியாயமான கேள்விதான். அதற்கு அப்போது சொன்ன பதிலையே இப்போதும் சொல்கிறேன். நாம் குடியிருப்பது காம்பராவில். சமைப்பது குசினியில். வாசலில் குந்தியிருப்பது இஸ்தோப்பில். காலையில் சாப்பிடுவது பாண். அதைச் சுடுவது போறணையில். இவற்றில் இஸ்தோப்பு மட்டும் டச்சுக்காரர் விட்டுப்போன சொல், மற்றவை எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். 1505இல் வந்து இறங்கிய போர்த்துக்கேயரும், 1656இல் அவர்களிடமிருந்து கொழும்பைப் பிடித்த டச்சுக்காரரும் தேயிலை மலைகளைக் கண்டதில்லை. அப்படியிருந்தும் அவர்களுடைய சொற்கள் நம் லயங்களுக்குள், தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், வந்து உட்கார்ந்திருக்கின்றன. கடைச் சிட்டையை எடுத்துப் பாருங்கள்: பம்பாய் வெங்காயம், மைசூர் பருப்பு, மாலைதீவிலிருந்து வரும் மாசிக் கருவாடு, கொச்சித் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய கொச்சிக்காய், சீனத்தின் பெயரைத் தாங்கிய சீனி. தீபாவளிக்கு வாங்கும் மஸ்கட்டின் பெயரிலும் அரபு நாட்டுத் துறைமுகம் ஒன்று இருக்கிறது. முதல் அமர்வில் இந்தச் சிட்டையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது பிள்ளைகள் எழுந்து நின்று வாசித்தார்கள். மறுவாரம் டவுனில் உள்ள பேக்கரிக்குக் கூட்டிப்போய் விறகுப் போறணையைக் காட்டினேன். நீண்ட பலகையால் பாண் இழுக்கும் தம்பி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சூட்டுப் பணிஸ் கொடுத்தார்; காசு வாங்க மறுத்துவிட்டார்.

இந்தத் தொடரின் உயிர் என்று நான் கருதுவது நான்காவது அமர்வு. அன்று அரிசியையும் மாவையும் பற்றிப் பேசினோம். நம் முன்னோர் திருச்சி, சேலம், மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது சோறும் கூழும். தோட்டத்திலும் சம்பளக் கணக்கில் பிடித்துக்கொண்டு அரிசியைத்தான் கொடுத்தார்கள். அந்த அரிசி இங்கே விளைந்தது அல்ல. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கொழும்புக்கு வந்து, செட்டியார்களின் கடனிலும் மொத்த வியாபாரிகளின் கிட்டங்கியிலும் கைமாறி மேலே வந்தது. 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் கோச்சிப் பாதை (ரயில் பாதை) வந்த பிறகு, தேயிலைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு போன அதே பாதையில் அரிசி மூட்டைகள் ஏறி வந்தன. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. நம் கொழுந்துக்கு விலை வைத்த நகரத்திலிருந்துதான் நம் உலைக்கு அரிசியும் வந்தது.

1942இல் ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்தார்கள். அந்த ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பிலும் குண்டு விழுந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. பங்கீட்டில் அரிசி குறைந்து கோதுமை மா வந்தது. மாவைப் பிசைந்து, தேங்காய் இருந்தால் துருவிப் போட்டு, தட்டிச் சுட்டு, கட்டச் சம்பலோடு மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் பழக்கம் இப்படித்தான் வேர்விட்டது. கையில் எடுத்துப்போகச் சுலபம், பசி தாங்கும், கொழுந்துக் கூடையோடு நின்றபடியே சாப்பிடலாம். சரி, அந்தப் பிள்ளைக்கு இப்போது பதில் இருக்கிறது: ரொட்டி நாம் ஊரிலிருந்து கொண்டுவந்தது அல்ல, கப்பலில் வந்தது. நம் பாட்டிமார் அதைத் தங்கள் கையால் நம்முடையது ஆக்கினார்கள்.

அன்று டிக்கோயாவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுபதுகளின் தொடக்கத்தைப் பற்றிப் பேசினார். இறக்குமதியை இறுக்கி, பங்கீட்டையும் வெட்டிய காலம் அது. விடியற்காலை மூன்று மணிக்குப் பாண் வரிசையில் அம்மாவோடு நின்றதையும், முறை வரும்போது பாண் முடிந்துவிட்டதையும், திரும்பும் வழியில் அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நடந்ததையும் சொன்னார். "பசியை விட அந்தப் பேசாம வந்ததுதான் டீச்சர் இன்னும் மறக்கல" என்றார். அந்தக் காலத்தில் தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்கள் உண்டு. 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தாலைப் பற்றிப் புத்தகங்களில் இருக்கிறது, அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியதால் வந்த ஹர்த்தால் அது. இந்த அம்மாவின் பாண் வரிசையை யார் எழுதப் போகிறார்கள்? அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் பதினொரு பேர். அறுபத்துநான்கு அங்கத்தவர்களில் பதினொரு பேர்!

அடுத்து, ஓகஸ்ட் மாதக் கொழும்புப் பயணம். இரவுத் தபால் கோச்சியில் இருபது இருக்கைகள் பதிவு செய்தோம், இருபது பேரும் வருவதாகச் சொன்னதன் பேரில். அந்த வெள்ளிக்கிழமை இரவு ஹட்டன் ஸ்டேஷனில் பனியில் நின்றவர்கள் ஒன்பது பேர். மூவர் போன் எடுத்துக் காரணம் சொன்னார்கள், அது போதும். மற்ற எண்மர் சொல்லவும் இல்லை, போனை எடுக்கவும் இல்லை. அவர்களில் நால்வர் குழு அங்கத்தவர்கள். வராதவர்களின் இருக்கைகளில் ஐந்துக்கு நான் என் பென்சன் காசைப் போட்டேன். மிச்சம் ஆறு சங்கக் கணக்கில் ஏறியிருக்கிறது. இதைச் சொல்லாமல் விடுவது சபைக்குச் செய்யும் துரோகம் என்பதால் சொல்கிறேன்.

போன ஒன்பது பேருக்கு அது மறக்க முடியாத நாள். புறக்கோட்டையில் கடை திறக்கும் நேரத்தில் இறங்கினோம். ஒரு கருவாட்டுக் கடையில், நாற்பது வருடம் கொழுந்து எடுத்த நம் அங்கத்தவர் ஒருவர் மாசித் துண்டு இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். விறகு போல் 'டக்' என்று சத்தம் வந்தது. "இதுதான் நல்லது, நம்ம டவுன்ல பாதிக்குப் பாதி ஈரம்" என்றார். கடைக்காரர் சிரித்து, தராசில் இன்னொரு சின்னத் துண்டு வைத்தார். அப்புறம் செட்டியார் தெரு, 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசல், 1757இல் எழும்பிய டச்சுக்காரரின் வுல்பெண்டால் தேவாலயம் எல்லாம் பார்த்தோம்.

மத்தியானத்துக்கு, போர்த்துக்கேய, டச்சு வழிவந்த பறங்கியர் வீடொன்றில் முன்கூட்டியே சொல்லி வைத்த லம்பிரைஸ். வாழை இலையைப் பிரித்ததும் சுட்ட இலையின் மணம் முதலில் வந்தது, பிறகுதான் சோற்றின் மணம். சாறில் வெந்த சோறு, கறி, கத்தரிக்காய் மோஜு, வாழைக்காய்க் கறி, இறால் பிளாச்சான், சின்ன உருண்டைக் கட்லட். லம்பிரைஸ் என்ற பெயர் டச்சிலிருந்து வந்தது, பிளாச்சான் மலாய்ச் சமையல், வாழைக்காயும் கத்தரிக்காயும் நமக்குத் தெரிந்த கை. இந்தப் பொதியைப் பற்றி ஒரு வதந்தி கிளம்பியது: சங்கக் காசில் மாட்டிறைச்சி வாங்கிக் கொடுத்தோமாம். பழைய முறையில் பல இறைச்சிகளும் சேர்ப்பார்கள் என்பது உண்மை. நாங்கள் சொல்லி வைத்தது கோழி மட்டும், இரண்டு பேருக்கு மரக்கறி. பற்றுச்சீட்டு கோவையில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம். கொம்பனித் தெருவில் பிட்டும் பாபத்தும் (மாட்டு வயிற்றுக் கறி) சாப்பிட்ட மூவரும் தங்கள் சொந்தக் காசில் சாப்பிட்டார்கள். அது அவர்கள் விருப்பம்.

அந்தக் கொம்பனித் தெருக் கடையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். டச்சுக்காரர் படையாட்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் ஜாவாப் பக்கமிருந்து கொண்டுவந்த மக்களின் வழிவந்த மலாய்க்காரர்கள் நெடுங்காலமாக வாழும் இடம் அது. பாபத்தும் மலாய் அச்சாறும் அங்கே பெயர் போனவை. நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தண்ணீர் வைக்க வந்த பையன் நின்றுவிட்டான். "டீச்சர், நீங்க ஹட்டன் பக்கமா?" என்றான். அவன் பொகவந்தலாவை. "உள்ளே சமையல் மாஸ்டர் மஸ்கெலியா" என்றான். மாஸ்டர் வெளியே வந்தார், மாவுக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே. முப்பது வயது இருக்கும். பதினைந்து வயதில் வந்தவராம். கடைக்கார மலாய் அம்மா பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்ததில் வட்டிலாப்பம் என்ற இனிப்பு இப்போது அவர் கையில் வருகிறது. கித்துள் கருப்பட்டியை எப்படி உடைப்பது, முட்டையை நுரை வராமல் எப்படி அடிப்பது, தேங்காய்ப்பால் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று நின்றபடியே சொன்னார். ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். காசு வாங்கவில்லை. "இத எங்க அம்மா இன்னும் சாப்பிட்டதில்ல டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

கொழும்புக்காரர் சாப்பாடு நமக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் பதில் அந்தப் பையனும் அந்த மாஸ்டரும்தான். அந்த நகரத்தின் அடுப்படிகளில் இன்று வேகிறவர்களில் நம் லயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! போர்த்துக்கேயர், டச்சுக்காரர், மலாய்க்காரர், சோனகர், செட்டியார் என்று எல்லோருக்கும் அந்த வரலாற்றில் ஒரு வரி இருக்கிறது. சமைத்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இல்லை. அதை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

கணக்கு விபரங்களைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாக, வரவை விடச் செலவு சற்றுக் கூடுதல். கையிருப்பிலிருந்து ஈடு செய்திருக்கிறோம். புறக்கோட்டைத் தெருவோரக் கடைகளில் பற்றுச்சீட்டு தருவதில்லை என்பதால் சில சிறு செலவுகளுக்கு என் கையெழுத்தே ஆதாரம். சந்தா விடயத்தை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன். அறுபத்துநான்கு பேரில் ஆண்டுச் சந்தாவை முழுதாகக் கட்டியவர்கள் இருபத்துமூன்று பேர். நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று செப்டெம்பரில்தான் முடிவானது. அதற்கு முன்பே, தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அங்கத்தவர்கள் அநேகமாக எல்லோரும் கட்டிவிட்டார்கள். பாக்கி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் டவுனில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. மூன்று தடவை கடிதம் அனுப்பியாயிற்று, முத்திரைச் செலவும் சங்கத்துடையது.

மண்டபத்துக்கு நாற்காலி தந்த பாடசாலை அதிபருக்கும், பேக்கரி உரிமையாளருக்கும், பயணத்தில் எல்லோரையும் எண்ணி எண்ணிக் கூட்டிவந்த உதவிச் செயலாளருக்கும், அமர்வுகளுக்குத் தேநீர் வைத்த மகளிர் அணிக்கும், தலைவருக்கும் பொருளாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் என் எண்ணம் ஒன்றுதான். கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் லீவுக்கு ஊருக்கு வரும்போது அவர்கள் கற்ற சமையலையும், வீட்டில் மூத்தவர்களின் பங்கீட்டுக் கால ஞாபகங்களையும் எழுதியெடுத்துச் சிறு நூலாக அச்சிட வேண்டும். கையில் இருப்பது எழுதும் கொப்பி வாங்கக் காணும், அச்சகத்துக்குக் காணாது. இந்த வேலையை என்னை விட நன்றாகச் செய்யக்கூடியவர் யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் சந்தோஷமாகக் கோவைகளை ஒப்படைப்பேன். முன்வராவிட்டால், ஒருவர் இருவரால் முடிகிற வேலை அல்ல இது என்பதையாவது சபை மனதில் கொள்ள வேண்டும்.

மஸ்கெலியா மாஸ்டர் சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்கு வருகிறார். இந்த மண்டபத்தில் நம் எல்லோருக்கும் வட்டிலாப்பம் செய்து காட்டச் சம்மதித்திருக்கிறார்; அவருடைய அம்மாவையும் அழைத்திருக்கிறேன். அன்று நாற்காலிகள் காலியாக இருக்கக்கூடாது. கருப்பட்டிக்கும் முட்டைக்கும் பங்கு தர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும். சந்தா ரசீதுப் புத்தகமும் அவரிடமே இருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
ஹட்டன்