லூசியா மொஹோலியின் பெயர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஒளிக்கலை பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். விளக்கையும் நிழலையும் வைத்து ஒரு கலையே இருக்கிறது என்று தமிழ்ப் பத்திரிகையில் ஒரு பக்கம் ஒதுக்கினீர்களே, அதற்கே பாராட்ட வேண்டும். ஆனால் லாஸ்லோ மொஹோலி-நாகிதான் முன்னோடி என்று நாலு பத்தி எழுதியவர் அவர் மனைவி லூசியா மொஹோலியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. போதாக்குறைக்கு, நடுவில் பெரிதாகப் போட்டிருந்த, ஜெர்மனியின் தெஸ்ஸாவ் நகரில் உள்ள பௌஹாஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளிக் கட்டடத்தின் படம் லூசியா எடுத்தது. அதன் கீழே "கோப்புப் படம்" என்று இருக்கிறது! யாருடைய கோப்பு சார்?

இருவரும் பெர்லினில் சந்தித்து 1921 ஜனவரியில் கல்யாணம் செய்துகொண்டார்கள். லாஸ்லோ ஹங்கேரிக்காரர், முதல் உலகப்போரில் காயம்பட்டு, அப்புறம் ஓவியத்துக்கு வந்தவர். லூசியா பிராகில் பிறந்து, தத்துவமும் கலை வரலாறும் படித்து, ஜெர்மன் பதிப்பகங்களில் வேலை பார்த்தவர். ஆரம்ப வருஷங்களில் குடும்பம் ஓடியது பெரும்பாலும் லூசியாவின் சம்பளத்தில்தான். லாஸ்லோவின் ஜெர்மன் அவ்வளவு தேறாது, அதனால் அவர் பெயரில் வந்த கட்டுரைகளைச் செப்பனிட்டு வாசிக்கும்படி ஆக்கியதும் இவர்தான்.

1922 கோடையில் ஜெர்மனியின் ரோன் மலைப்பக்கம் நடந்துகொண்டே இருவரும் பேசிப் பேசி உருவாக்கிய யோசனை இது: கிராமபோனும் புகைப்படமும் ஏற்கெனவே இருப்பதைப் பதிவு செய்யத்தான் என்று ஏன் நினைக்க வேண்டும், இசைத்தட்டில் நேரடியாகக் கீறிப் புதுச் சத்தம் உண்டாக்கலாமே, போட்டோ பேப்பரில் நேரடியாக வெளிச்சத்தை விழவைத்துப் படம் செய்யலாமே. அந்தக் கட்டுரை அதே ஆண்டு ஒரு டச்சுக் கலை இதழில் வந்தது, லாஸ்லோ பெயரில் மட்டும். கையோடு இருவரும் செய்தும் பார்த்தார்கள். கேமரா கிடையாது. ஒளிபட்டால் கறுக்கும் பேப்பர்மேல் கண்ணாடித் துண்டு, கம்பிவலை, பூ, கை என்று எதையாவது வைத்து வெளிச்சம் காட்ட வேண்டியதுதான். மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும், ஒளி கசிந்து போன இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் படிப்படியாக மங்கும். இதை முதலில் செய்தவர்கள் இவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, இங்கிலாந்தின் அன்னா அட்கின்ஸ் 1843லேயே கடல்பாசிகளை இப்படி நீல அச்சாக எடுத்திருக்கிறார், பாரிஸில் அமெரிக்கக் கலைஞர் மேன் ரேயும் இவர்கள் காலத்தில்தான் செய்துகொண்டிருந்தார். ஆனால் ஒளியே கச்சாப் பொருள், அதை வைத்தே ஒரு கலையைக் கட்டலாம் என்று எழுதியும் செய்தும் காட்டியவர்கள் இவர்கள்.

நான் சில காலம் ஒரு ஸ்டூடியோவில் இருட்டறை வேலை பார்த்தவன். சிவப்பு பல்ப் மட்டும் எரியும் அறையில் பேப்பருக்கு எத்தனை விநாடி வெளிச்சம் காட்டுவது, எப்போது டெவலப்பரிலிருந்து (படத்தைத் தோன்றவைக்கும் கரைசல்) எடுத்து ஹைப்போவில் (படத்தை நிலைக்கவைக்கும் கரைசல்) போடுவது என்ற கைக்கணக்கு தெரியாவிட்டால் நீங்கள் சொல்லும் அந்த மங்கலான சாம்பல் அழகெல்லாம் வெறும் கறுப்புத் தாள்தான். அந்தக் கைக்கணக்கு அந்த வீட்டில் லூசியாவிடம் இருந்தது. லாஸ்லோ பௌஹாஸில் ஆசிரியராகச் சேர்ந்த பிறகு, பள்ளி அப்போது இருந்த வைமார் நகரில் ஒரு ஸ்டூடியோவில் லூசியா தொழில் கற்று, லைப்சிக்கில் போய்ப் படித்தும் வந்தார். இருட்டறை வேலை மொத்தமும் இவர் கையில். பள்ளியின் கட்டடங்கள், மேசைவிளக்குகள், தேநீர்க் குடுவைகள், ஆசிரியர்கள் முகங்கள் என்று இன்று பௌஹாஸ் என்றதும் நமக்குத் தோன்றுவதில் பெரும்பங்கு இவர் எடுத்த படங்கள். பள்ளி இவருக்குப் பதவியும் தரவில்லை, சம்பளமும் தரவில்லை.

உங்கள் கட்டுரையில் விரிவாக வரும் அந்தச் சுழலும் இயந்திரம், துளையிட்ட உலோகத் தட்டுகளும் கண்ணாடியும் மோட்டாரில் சுற்றிச் சுவரெல்லாம் நிழல் ஓடவிடுமே, அது 1930இல் பாரிஸில் காட்டப்பட்டது. தம்பதி அதற்கு முந்தைய ஆண்டே பிரிந்துவிட்டார்கள். அது லாஸ்லோவின் வேலைதான், தொழில்நுட்ப வரைபடம் போட்ட ஸ்டெஃபான் செபோக், செய்துகொடுத்த ஜெர்மன் மின்சாதன நிறுவனமான ஏ.ஈ.ஜி. ஆகியோரோடு சேர்ந்து. மறுப்பில்லை. அதைப் பத்திரப்படுத்தி 1956இல் ஹார்வர்டுக்குக் கொடுத்தவரும் மனைவிதான், இரண்டாவது மனைவி சிபில். அவர் பெயரும் கட்டுரையில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உண்மையில் எழுதியிருக்க வேண்டிய கதை 1933க்குப் பிறகு நடந்தது. லூசியாவோடு அப்போது வாழ்ந்துவந்த கம்யூனிஸ்ட் தலைவர் தியோடோர் நொய்பவரை நாஜிகள் லூசியாவின் வீட்டிலேயே கைது செய்தார்கள். லூசியா யூதப் பின்னணியில் வந்தவர், உடனே கிளம்பியாக வேண்டிய நிலைமை. சுமார் 560 கண்ணாடி நெகட்டிவ்களைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்ட முடியுமா? லாஸ்லோவிடம் விட்டுவிட்டுப் போனார். அவரிடமிருந்து அவை பௌஹாஸின் நிறுவனர் வால்டர் குரோப்பியஸ் கைக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போயின. 1938இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பௌஹாஸ் கண்காட்சி நடத்தியபோது அந்தப் படங்கள் லூசியாவின் பெயர் இல்லாமலே அச்சாகின. லண்டனில் பிழைப்பு நடத்திக்கொண்டு, நெகட்டிவ் எல்லாம் குண்டுவீச்சில் போயிருக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார். யாரிடம் இருக்கிறது என்பது ஐம்பதுகளில்தான் தெரியவந்தது, வக்கீல் வைத்துக் கேட்டபிறகு 1957இல் ஒரு பகுதி மட்டும் திரும்ப வந்தது. இதற்கு நடுவே 1939இல் புகைப்படத்தின் நூறாண்டு வரலாற்றைப் பெங்குயின் வெளியீடாக எழுதியிருக்கிறார், போர்க்காலத்தில் மைக்ரோஃபிலிம் பணியையும், அதாவது அச்சுப் பக்கங்களைச் சிறு படச்சுருளில் பதியும் வேலையையும், நடத்தியிருக்கிறார். 1972இல் ஒரு சிறு புத்தகத்தில் யார் என்ன செய்தோம் என்று எழுதினார். அதிலும் புலம்பல் கிடையாது, திருத்தங்கள்தான்.

1989இல் சுவிட்சர்லாந்தில் காலமானார். 2024இல் பிராகில் அவருக்கென்றே பெரிய கண்காட்சி நடந்தது, அப்படியிருக்க ஒரு ஞாயிறு இணைப்புக்கு அவர் பெயர் எட்டவில்லை என்பதை நம்ப முடியவில்லை. இணையத்தில் தேடி முதலில் வந்த படத்தை எடுத்துப் போட்டிருப்பார்கள், தெரியும். ஜெர்மன் சட்டப்படி அந்தப் படங்களுக்கு 2059 வரை உரிமை இருக்கிறது என்பதை உங்கள் படப்பிரிவுக்குச் சொல்லுங்கள். அப்படியே உங்கள் சொந்தப் புகைப்படக்காரர்கள் வெயிலில் நின்று எடுக்கிற படங்களுக்குக் கீழேயும் பெயர் போடுங்கள், பாதி நாள் அதுவும் இருப்பதில்லை.

லூசியாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் சந்தோஷம். முடியாது என்றால் திருத்தம் பகுதியில் இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய இருட்டறைக்காரன்,
ஈரோடு.