சிறுதொழில் செய்வோர் கூட்டம் நடத்தப் பொதுக்கூடங்களைத் திறந்துவிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில் தொடங்குவோருக்கான அரசுக் கடன் திட்டங்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் அவ்வப்போது வெளியிடும் செய்திகளைத் தவறாமல் படித்து வருகிறேன். புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டம், வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டம், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என்று மாவட்டத் தொழில் மையத்தின் படியேறினால் மானியத்துடன் கடன் பெற வழி இருக்கிறது. தொழில்முனைவோருக்கான பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. அவற்றால் பயன்பெற்றவள் என்பதால் அவற்றைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் கடன் பெற்ற ஒருவர் தொழில் நடத்தத் தெரிந்தவராக வளர்வது, தாமே முன்னின்று மக்களைக் கூட்டி ஒரு நிகழ்ச்சியை நடத்தும்போதுதான் என்பது என் அனுபவம். அதற்கான இடவசதி எங்களைப் போன்றோருக்கு எளிதில் கிடைப்பதில்லை என்பதைத் தங்கள் வாயிலாக மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

காட்பாடியில் தோல்பை தைக்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். இராணிப்பேட்டையிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் பதப்படுத்திய தோல் வருகிறது; அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் வெட்டித் தைக்கிறார்கள். சில ஆண்டுகளாக, விடுமுறை நாட்களில் வாடகைக்கு ஒரு கூடம் பிடித்து, வந்தவர்களின் கண்ணெதிரே தோலை விரித்து, அளந்து, வெட்டி, விளிம்பைச் சீவி மெலிதாக்கித் தைத்துக் காட்டும் நிகழ்ச்சிகளை நடத்துகிறோம். விருப்பமுள்ளவர்கள் தாங்களே ஒரு சிறிய பணப்பையைத் தைத்து எடுத்துச் செல்லலாம்.

பிறர் நடத்தும் கண்காட்சியில் ஓர் அரங்கை எடுத்துப் பொருள் விற்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. கண்காட்சியில் நமக்கு ஒதுக்கிய மேசையோடு நம் பொறுப்பு முடிந்துவிடும். கூட்டம் வரவில்லையென்றால் ஏற்பாட்டாளரைக் குறை சொல்லிவிட்டு வீடு திரும்பலாம். நாமே நடத்தும்போது மின்தடை, குடிநீர்க் கேன், கழிப்பறைச் சாவி, ஒலிபெருக்கிக்காரர், மதியச் சாப்பாட்டுக்குத் தலைக்கணக்கு, எத்தனை பேர் வருவார்கள் என்பது தெரியாமலே கொடுக்க வேண்டிய முன்பணம் என அத்தனையும் நம் தலையில் விழுகின்றன. தையல் இயந்திரம் பாதியில் நின்றுபோனால், கூடியிருப்பவர்களைப் பேச்சில் நிறுத்திவைத்துக்கொண்டே மாற்று ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். தெரியாத பலர் முன்னிலையில் ஒரு பொருளின் விலையை உரக்கச் சொல்லி, அது ஏன் அந்த விலை என்று தயங்காமல் விளக்கும் துணிவு வகுப்பறையில் வாய்ப்பதன்று.

கேள்விகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எல்லாக் கூட்டத்திலும் முதலில் எழும் கேள்வி, இது அசல் தோலா ரெக்சினா என்பதுதான். அதற்கு விடை எளிது: இரண்டையும் வெட்டி விளிம்பைக் காட்டினால் போதும், தோலில் நார் தெரியும், ரெக்சினில் அடித்துணி தெரியும். கடினமான கேள்வி பிறகு வரும். தோல் ஆலைக் கழிவுநீரால் மாசுபட்ட பாலாற்றின் கரையில் நிலம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு கூட்டத்தில் எழுந்து, “உங்க பை அழகாத்தான் இருக்கும்மா, எங்க கெணத்துத் தண்ணிக்கு என்ன பதில்?” என்று கேட்டார். கூடம் அமைதியாகிவிட்டது. கடையில் உட்கார்ந்திருக்கும் வணிகரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை; பிடிக்காதவர்கள் வாங்காமல் போய்விடுவார்கள், அவ்வளவே. அழைத்துவந்து அமரவைத்தவர்களின் கேள்விக்கு முன்னால் அப்படி நழுவ முடியாது.

அவருக்குப் பதில் சொல்வதற்காக, தெரிந்ததைக் கொண்டு அன்று பேசியது போக, பிறகு நிறையப் படிக்கவும் விசாரிக்கவும் வேண்டியிருந்தது. தோல் ஆலை மாசுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே அதைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்தது. நம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய அவ்வழக்கைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கிறார்கள். தோலை வைத்துப் பிழைக்கும் எங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது ஐயமே. தோல் பதப்படுத்தப் பயன்படும் குரோமியத்தைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். ஆனால் பச்சைத்தோல் அழுகாமலிருக்க இடும் உப்பு கழிவுநீரோடு கரைந்து செல்வதும் நிலத்தடி நீருக்கு அதே அளவு பெரிய சிக்கல் என்பதையும், ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு பதப்படுத்தும் பழைய முறை இப்பகுதியில் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது என்பதையும் இப்போது எங்கள் நிகழ்ச்சிகளில் நாங்களே எடுத்துச் சொல்கிறோம். தோல் வாங்கும்போது, அந்த ஆலை எந்தப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்திருக்கிறது என்று கேட்டு வாங்குவதும் பட்டறையின் வழக்கமாகிவிட்டது. அந்தப் பெரியவர் அன்று பை எதுவும் வாங்கவில்லை. எனினும் எந்த ஆலோசகரும் தராத ஒன்றை அவர் எங்களுக்குத் தந்தார் என்றே கருதுகிறேன்.

வேலூருக்கே உரிய இன்னொரு வசதியும் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்களின் உறவினர்கள், சிகிச்சை முடியும்வரை வாரக்கணக்கில் விடுதி அறைகளில் தங்கியிருக்கிறார்கள். மாலைப் பொழுதைக் கழிக்க வழியின்றி இருக்கும் அவர்களில் சிலர் எங்கள் நிகழ்ச்சிக்கு வந்தார்கள். வங்காளப் பெண்மணி ஒருவர், தம் கணவரின் ஸ்கேன் படங்களை மடங்காமல் வைக்க ஏற்ற பை ஒன்றைத் தைத்துத் தர முடியுமா என்று, பாதி இந்தியிலும் பாதி கைச்சாடையிலுமாகக் கேட்டார். அன்றே அட்டையில் மாதிரி வெட்டினோம். மருத்துவக் கோப்புக்கான அந்தப் பைதான் இன்று எங்களுக்கு அதிகம் விற்பது. வாங்க வருகிறவரோடு ஒரே மேசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கிடைப்பதைச் சந்தை ஆய்வு அறிக்கை எதுவும் தந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கைப்பேசியில் நேரலையாகப் பொருளைக் காட்டி விற்பதையும் நாங்கள் செய்கிறோம். அதில் விற்பனை உண்டு, ஆனால் திரையில் இதயக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களிடம் இப்படிப்பட்ட உரையாடலுக்கு இடம் குறைவு.

வளர்ச்சி முதலாளிக்கு மட்டும் உரியதன்று. எங்களிடம் விளிம்பு சீவும் பெண், பட்டறையில் தலை நிமிர்ந்து பேசாதவர். ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தபோது, கத்தியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்பதை என்னைவிடத் தெளிவாக விளக்கினார். அவர் பேச, நான் பின்வரிசையில் நின்று கேட்கப் பழகியதும் ஒரு பயிற்சிதான். எல்லாவற்றையும் நானே பார்த்தால்தான் நடக்கும் என்ற எண்ணம், சிறுதொழில் செய்யும் பலரையும் பல ஆண்டுகள் அதே இடத்தில் நிறுத்திவைத்திருப்பதைக் காண்கிறேன்.

இதெல்லாம் நகரத்து நாகரிகம் என்று எண்ணுவோர் நம் ஊர்த் திருவிழாக்களைப் பார்க்க வேண்டும். வடார்க்காட்டுக் கிராமங்களில் அக்னி வசந்த மகாபாரத விழா நடத்துவது எளிய காரியமா? பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, இறுதியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும் என்று நாள்கணக்கில் நீளும் விழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி தண்டி, கூத்துக் குழுவுக்குத் தாம்பூலத்தோடு முன்பணம் கொடுத்து நாள் குறித்து, பந்தல்காரரையும் காவல் நிலையத்தையும் சமாளித்து, கடைசியில் ஊரைக் கூட்டிக் கணக்குப் படிக்கிறார்களே, அவர்களுக்கு எந்த மேலாண்மைப் பாடம் மிச்சமிருக்கிறது? அந்தத் திறமை தொழிலுக்கு வந்து சேரவில்லை என்பதே என் ஆதங்கம். அணைக்கட்டு வட்டாரத்தின் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை விளைவிப்பவர்கள் வேலூர் நகரத்தில் ஒரு நாள் அடுப்பு மூட்டிச் சமைத்துக் காட்டி, தங்கள் காயின் சிறப்பைத் தங்கள் வாயாலேயே சொல்லி விற்றால் எப்படியிருக்கும்! கரிகிரி மண்பாண்டக் கலைஞர்களும் குடியாத்தம் நெசவாளர்களும் அவ்வாறே செய்ய முடியும்.

தடையாக நிற்பது இடம். திருமண மண்டபங்களின் வாடகை சிறுதொழில் செய்வோருக்குக் கட்டுப்படியாவதில்லை. முகூர்த்த நாட்களில் பணம் இருந்தாலும் இடம் கிடைக்காது. அதே மண்டபங்கள் ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக் கிடக்கின்றன. மாநகராட்சியின் சமுதாயக் கூடங்களும் அரசுப் பள்ளி அரங்குகளும் விடுமுறை நாட்களில் சும்மா இருந்தாலும், யாரிடம் கேட்பது, யார் கையெழுத்திடுவது என்பதே தெளிவாக இல்லை. ஒரு அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூர், வாணியம்பாடி, ஆர்க்காட்டுத் தொழில் செய்வோர் வெவ்வேறு மாவட்டத்தினர் ஆகிவிட்டதால், சேர்ந்து நடத்த முயலும்போது இந்த அலைச்சல் இன்னும் கூடுகிறது.

ஆகவே மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு என் வேண்டுகோள்: ஒன்றிய அரசின் ‘உத்யம்’ தொழில் பதிவு பெற்ற குறுந்தொழில் செய்வோருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும், பொதுக்கூடங்களைப் பராமரிப்புச் செலவுக்கு ஈடான சிறு கட்டணத்தில் விடுமுறை நாட்களில் தர ஆணையிட வேண்டும். எந்தக் கூடம் எந்த நாளில் காலியாக உள்ளது என்ற பட்டியலை மாவட்டத் தொழில் மையமே வைத்திருந்து, விண்ணப்பத்தையும் அங்கேயே பெற்றுக்கொள்ளலாம். காவல் துறையின் ஒலிபெருக்கி அனுமதியையும், உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவையும் அந்த ஒரே விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டால் பாதி அலைச்சல் தீரும். தனியார் மண்டப உரிமையாளர்களும் ஆடி, மார்கழி மாதங்களில் குறைந்த வாடகைக்குத் தர முன்வந்தால் இரு தரப்புக்கும் இழப்பில்லை.

ஒரு சிறு வேண்டுகோள் சக தொழில் செய்வோருக்கும் உண்டு. கூடம் கிடைத்ததும் சிறப்பு விருந்தினர், குத்துவிளக்கு, பொன்னாடை என்று தொடங்கிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும், வந்தவர்களும் போய்விடுவார்கள்.

வரும் ஆடி மாதத்துக்குள் மாவட்ட நிர்வாகம் ஓரிரு கூடங்களிலாவது இதைத் தொடங்கினால், முதல் விண்ணப்பத்தை எங்கள் பட்டறையிலிருந்து அளிக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தோல்பை தயாரிப்பாளர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.